நான் மறைத்த நூற்று அறுபது மீட்டர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன மாதம் நான் நம் மலையேற்ற முகாமுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். "இவங்கதான் லெட்சுமி அக்கா. பொம்பாவுக்கே வழி சொன்னவங்க" என்றார். எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கைதட்டல் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது.

பொம்பாவுக்கு, அதாவது தீயணைப்பு மீட்புக் குழுவுக்கு, நான் வழி சொன்னது உண்மைதான். அவர்கள் வரவேண்டிய நிலைமை எப்படி வந்தது என்பதை மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். படிப்பு முடிந்ததும் தோட்ட ஆபீசில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. எந்தச் சரிவில் மண் சரியும், எந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கும் என்பதையெல்லாம் தாளில் இருக்கும் உயரக் கோடுகளைப் பார்த்தே சொல்லப் பழகினேன். பிறகு ஜெராய் மலையின் தெற்கு அடிவாரத்தில் இந்த முகாம் வந்தது. மலையேற வருகிறவர்களை அழைத்துப்போக ஆள் கேட்டார்கள். சேர்ந்துவிட்டேன். சில வருடங்களிலேயே தலைமை வழிகாட்டி ஆனேன். மேலாளர் சிவநேசன் சாரே சந்தேகம் வந்தால் தாளைச் சுருட்டிக்கொண்டு என் மேசைக்குத்தான் வருவார்.

அப்புறம் நசீரா வந்தாள்.

யான் ஊரில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மளிகைக் கடை. பினாங்கில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், வார விடுமுறைகளில் ஜியோகேச்சிங் விளையாடிக்கொண்டு திரிந்தவள். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார், மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு போய்க் கண்டுபிடிப்பார்கள். அதுதான் விளையாட்டு. "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். மூன்றே மாதத்தில் அந்த விளையாட்டைச் செம்பனைக் காட்டுக்குள் கொண்டுவந்து, சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் நிறைய ஆட்களை வரவழைத்துவிட்டாள்.

என் மனதுக்குள் அந்த நாட்களில் என்னென்ன நடந்தது என்பதைக் கூச்சப்படாமல் எழுதுகிறேன். உங்களுக்கும் ஒருநாள் நடக்கும்.

தொலைபேசியை நான் எடுத்தால், "நசீரா அக்கா இல்லீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் "அப்ப பொறவு கூப்புடுறோம்" என்று வைத்துவிடுவார்கள். குழுப்படம் எடுக்கும்போது என்னிடம் கைப்பேசியைக் கொடுத்து எடுக்கச் சொல்வார்கள். நடுவில் அவள் நிற்பாள். ஒருநாள் என் கணவர் சாப்பிடும்போது, "அந்தப் புள்ள நல்லா பேசுதுலா. உன்ன மாதிரி மூஞ்சத் தூக்கி வச்சிக்கறது இல்ல" என்றார். மறுநாள் காலையில் நான் அவருக்குப் பசியாறச் செய்து தரவில்லை. அவருக்குக் காரணம் இன்றுவரை தெரியாது.

இதில் கொடுமை என்னவென்றால், அவளிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நேரத்துக்கு வருவாள். சாப்பாட்டுக் கடையில் எனக்கும் சேர்த்துப் பொட்டலம் வாங்கி வருவாள். தெரியாததைக் கேட்டுவிடுவாள். அவள் ஒரு திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலை தன் ஆட்களுக்குக் குடும்ப தினம் நடத்த எங்களிடம் வந்தது. ஐந்து குழுக்கள். செம்பனைக் காட்டுக்குள் தேடவேண்டிய டப்பாக்களை நசீரா தன் கருவியை வைத்தே இடம் குறித்து ஒளித்துவிட்டாள். கடைசியாக ஒரு பெரிய பெட்டி, பரிசுப் பெட்டி. அதைச் செம்பனைக்கு அப்பால், மலைக்காட்டின் ஓரத்தில் வைக்கலாம் என்று முடிவானது. "காட்டுக்குள்ள நான் வைக்கிறேன்" என்று பிடிவாதமாகச் சொன்னேன். இரண்டு மலைமடிப்புகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஓடை இருக்கிறது, கணுக்கால் தண்ணீர்கூட ஓடாது. அதன் கரையில், கரடுமுரடில்லாத மேட்டில் பெட்டியை வைத்தேன். திரும்பி வந்து, என் பழைய நில வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து, ஓரத்தில் இருக்கும் அளவுகளிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கணக்கிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நசீராவிடம் கொடுத்தேன்.

இங்கே ஒரு விஷயம் உங்களுக்கு விளங்க வேண்டும். பூமியை அளந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆதாரத்தை வைத்து அளக்கவில்லை. நம் பழைய தாள்கள் ஒரு கணக்கில் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். கருவி, நாம் மாற்றாதவரை, உலகம் முழுவதற்கும் பொதுவான இன்னொரு கணக்கில் ஓடும். பழைய தாளில் எடுத்த எண்ணை அப்படியே கருவியில் தட்டினால், நம் பகுதியில் அது உங்களைச் சரியான இடத்திலிருந்து ஏறக்குறைய நூற்று அறுபது மீட்டர் கிழக்கே, கொஞ்சம் வடக்கே தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தும். செம்பனைக் காட்டில் அது பெரிய தூரம் இல்லை. மலையில் அது அடுத்த ஆறு.

சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்துதான் நசீரா அந்த எண்களைத் தட்டினாள். திரையில் அந்தப் பொதுக்கணக்கின் பெயர் இருந்தது. நான் பார்த்தேன். அவள் இணையத்தில் வந்த எண்களை மட்டுமே வைத்துப் பழகியவள். தாளிலிருந்து எண் எடுத்ததே இல்லை.

தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள். "அக்கா, இதுல வேற ஏதாச்சும் மாத்தணுமா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு சொல். என் மனதில் இருந்த படம் இதுதான்: அவள் மூங்கில் புதரில் அரை மணி நேரம் சுற்றுவாள். ஆட்கள் முணுமுணுப்பார்கள். கடைசியில் வாக்கி டாக்கியில் "அக்கா, பெட்டியக் காணோம்" என்பாள். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்துபோய், எல்லார் முன்னாலும் பெட்டியை எடுப்பேன். அப்போது சொல்ல வேண்டிய வசனத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அன்று காலையில் வெயில் நன்றாகவே அடித்தது. பெட்டியைத் தேடி முதலில் போனது நசீராவின் குழு, அவளைச் சேர்க்காமல் நான்கு பேர். அதில் ராஜம் என்று ஓர் அம்மா, பாக்கார் ஆராங்கில் வீடு, ஐம்பது வயதைத் தாண்டியவர். பெயர் பதியும்போது என்னிடம் மெதுவாக, "ஆறு கீறு தாண்டணுமாம்மா? எனக்குத் தண்ணின்னா பயம்" என்றார். "ஆறெல்லாம் கிடையாதுக்கா, சும்மா ஓடைதான்" என்று நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன். பெட்டி இருந்த இடத்தைப் பொறுத்தவரை அது உண்மை.

நான் தோட்டத்து எல்லையில் போட்ட கூடாரத்தில், வரைபடத்தையும் வாக்கி டாக்கியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு நசீராவின் குரல் வந்தது.

"அக்கா, எண்ணு சொல்ற எடத்துக்கு வந்தாச்சு. இங்க பெரிய ஆறு, சுங்கையே ஓடுது. நடுவுல ஒரு பாறை. பெட்டி அந்தப் பக்கமா இருக்கா?"

அது இரண்டாவது வாய்ப்பு. 'நீ தப்பான ஆத்துக்குப் போயிட்ட, திரும்பு' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பக்கத்தில் சிவநேசன் சார் நின்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தேடட்டும், இவர் காதில் நன்றாக விழட்டும் என்று நினைத்தேன்.

"நல்லா தேடிப் பாரு" என்றேன்.

கால் மணி நேரம் கழித்து மலையுச்சியைப் பார்த்தேன். உச்சியே இல்லை. கறுத்த மேகம் பாதி மலையை விழுங்கியிருந்தது. நாங்கள் இருந்த இடத்தில் ஒரு துளிகூட விழவில்லை. மலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பயங்கரமான வானம் கிடையாது. மேலே கொட்டும் மழை ஆற்றோடு இறங்கி, கீழே வெயிலில் நிற்பவன்மீது மதில்போல வந்து விழும். மலாய்க்காரர்கள் அதைத் தண்ணீரின் தலை என்பார்கள். நான் வாக்கி டாக்கியை எடுப்பதற்குள் நசீராவே கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா, தண்ணி கலங்குது. இலையெல்லாம் வருது. நாங்க பாறை மேல இருக்கோம். ராஜம் அக்கா கால் சிக்கிக்கிச்சு, நவுர முடியல. தண்ணி ஏறுது அக்கா." பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, தான் நிற்கும் இடத்தின் எண்களை ஒவ்வொன்றாக, தெளிவாக, இரண்டு முறை சொன்னாள். அவளுக்குப் பின்னால் யாரோ அழுவது கேட்டது.

சிவநேசன் சார் பொம்பாவை அழைத்தார். அவர்கள் வேறொரு வேலையாகப் பக்கத்துச் சாலையில் இருந்ததால் வேகமாக வந்துவிட்டார்கள். அதிகாரி கூடாரத்துக்குள் வந்ததும் நசீரா சொன்ன எண்களை என் தாளின்மீது அளந்து விரலை வைத்தார். விரல் எங்கே விழும் என்று எனக்கு முன்பே தெரியும். கருவியின் எண்ணைப் பழைய தாளில் வைத்தால் அதே பிழை எதிர்ப்பக்கம் இழுக்கும்: நான் பெட்டி வைத்த அதே மேடு.

"அதேதான்! அது பெட்டி இருக்கற எடம். பாதை எனக்குத் தெரியும், வாங்க" என்று சிவநேசன் சார் புறப்பட்டார். ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாரும் தவறான பள்ளத்தாக்குக்குப் போகக் கிளம்பிவிட்டார்கள். பெட்டி இருந்த மேற்கு ஓடைக்குப் போய், அங்கே யாரும் இல்லை என்று பார்த்து, மறுபடி மேட்டைத் தாண்டி வருவதற்குள் அந்தப் பாறை தண்ணீருக்குள் போயிருக்கும்.

"இல்ல" என்றேன். "அவங்க அங்க இல்ல. கிழக்குப் பக்கச் சுங்கையில இருக்காங்க. பம்பு ஹவுஸ் பாதையில போகணும்."

அதிகாரி நின்றார். நிச்சயமா என்று மலாயில் கேட்டார். எண் இங்கே காட்டுகிறதே என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

'அந்த எண்ணில் பிழை இருப்பது எனக்கு முன்பே தெரியும்' என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"நசீரா, எண்ணெல்லாம் வேணாம். கண்ணுக்கு என்ன தெரியுது? அத மட்டும் சொல்லு."

"மேல... எங்களுக்கு மேல ஒரு இரும்புக் குழாய் ஆத்தத் தாண்டிப் போகுதுக்கா. துருப்புடிச்ச குழாய்."

தோட்டத்துக்குத் தண்ணீர் எடுத்த பழைய குழாய் அது. கிழக்கு ஆற்றில் மட்டும்தான் உண்டு. தாளிலும் மெல்லிய கோடாக இருந்தது. அதில் விரல் வைத்துக் காட்டினேன். அதிகாரி ஒரு நொடிதான் பார்த்தார். "ஜோம்", வாருங்கள் என்று தன் ஆட்களுக்குக் கை காட்டினார். நான் முன்னால் ஓடினேன்.

நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பாதி இதுதான். இதில் படிக்க வேண்டிய பாடம் உண்மையாகவே இருக்கிறது: எண்ணும் இடமும் சண்டை போட்டால், அங்கே நிற்கிறவரின் கண்ணைக் கேளுங்கள்.

நாங்கள் போனபோது பாறையில் ஒரு பாய் அளவுக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது. மூன்று பேரை நசீரா உயரமான பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். அவள் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ராஜம் அக்காவின் இடுப்பைத் தன் துப்பட்டாவால் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கயிறு போட்டு ஐந்து பேரையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ராஜம் அக்காவின் கணுக்கால் முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார்.

நசீரா நடுங்கிக்கொண்டே சிவநேசன் சாரிடம் போனாள். "என் தப்பு சார். செட்டிங்க நான்தான் சரியாப் பாக்கல."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. பள்ளிக்கூடக் குழுக்கள் மறுபடி என்னிடம் வந்தன. தொலைபேசியில் என் பெயரைக் கேட்டார்கள். குழுப்படத்தில் நடுவில் நான் நின்றேன். நசீராவைக் கிடங்கில் கயிறு கழுவவும் கூடாரம் உலர்த்தவும் போட்டுவிட்டார்கள். அவள் முறுமுறுக்காமல் செய்தாள். இத்தனைக்குப் பிறகும் என் பொறாமை அடங்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. அந்தத் தண்ணீரில் நான் நின்றிருந்தால், அந்த அம்மாவை என்னோடு கட்டிக்கொண்டிருப்பேனா? கயிறு கழுவும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்தது. அவள் அங்கேயும் என்னை முந்திவிட்டாள் என்று தோன்றியது.

இரண்டு வாரம் இருக்கும். ஒரு மதியம் அவள் என் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைக் காட்டினாள்.

"அக்கா, எந்தக் கணக்குல வரைஞ்சதுன்னு இங்கேயே எழுதியிருக்கு. நான் படிக்காம விட்டுட்டேன். இந்த ஓரத்துல உள்ளதெல்லாம் எனக்கு ஒருநாள் சொல்லிக் குடுப்பீங்களா?"

என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"நீ அன்னைக்கு மேசையில கேட்டப்பவே எனக்குத் தெரியும் நசீரா" என்றேன். "உன் ஸ்கிரீன நான் பாத்தேன். தெரிஞ்சேதான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

அவள் தாளை மடித்து மேசையில் வைத்தாள். ஒன்று மட்டும் கேட்டாள். "ராஜம் அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"மொதல்ல அங்க சொல்லுங்க. அப்புறம் சார்கிட்ட." வாசல்வரை போய்த் திரும்பினாள். "என்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க அக்கா. இப்ப கேக்காதீங்க. என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியல."

அன்று மாலையே பாக்கார் ஆராங்குக்குப் போனேன். ராஜம் அக்கா காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மகளைக் கூப்பிட்டு, "உசுரக் காப்பாத்துன புள்ள வந்திருக்கு, மைலோ கலக்கு" என்றார். மைலோ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தண்ணின்னா பயம்னு காலையில உன்கிட்டதான சொன்னேன்?" என்றார் கடைசியில்.

"ஆமாக்கா."

"போயிட்டு வாம்மா."

அந்த மைலோவை நான் குடிக்கவில்லை. குடி என்று யாரும் சொல்லவும் இல்லை.

சிவநேசன் சார் என்னைத் தலைமைப் பொறுப்பிலிருந்து எடுத்தார். விஷயத்தை வெளியே விடவில்லை. முகாமின் பெயருக்காக இருக்கலாம், என் வயதுக்காகவும் இருக்கலாம். பிறகு நசீரா தலைமை வழிகாட்டி ஆனாள். நான் ஓய்வு பெறும்வரை அவளுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், ஆட்கள் எதிரிலேயே, தன் கருவியை என்னிடம் நீட்டி, "செட்டிங்க சத்தமாப் படிங்க" என்பாள். முதலில் அது எனக்குத் தண்டனையாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு வருடம் போனபின் இரண்டு பேருக்கும் அது வெறும் வேலையாகிவிட்டது. நீங்கள் இன்றைக்கும் புறப்படும் முன் ஒருவர் கருவியை இன்னொருவர் சத்தமாகப் படிக்கிறீர்களே, அந்த வழக்கம் வந்தது அப்படித்தான்.

நான் ஓய்வு பெற்ற வருடம் பேராக்கிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பெரிய பயிற்சி நிலையம். மீட்புப் பணியாளர்களுக்கே வழி கண்டறியச் சொல்லித்தரும் இடம். நசீரா விண்ணப்பித்திருந்தாள், கூட வேலை பார்த்தவர் என்று என் எண்ணைக் கொடுத்திருந்தாள். அப்படி ஓர் இடத்துக்கு என்னை யாரும் எந்தக் காலத்திலும் கூப்பிட்டதில்லை. பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

அந்தப் பக்கத்து அம்மா மரியாதையாகக் கேட்டார். "அவங்க பொறுப்புல ஒரு குழு ஆத்துல மாட்டிக்கிட்டதா கேள்விப்பட்டோம். அது உண்மைங்களா மேடம்?"

'ஆமாங்க' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். பொய்யும் இல்லை. நல்ல பிள்ளைதான், ஆனால் அப்படி ஒன்று நடந்தது என்று இழுத்திருந்தால், அந்த வேலை அவளுக்குக் கிடைத்திருக்காது. யாருக்கும் தெரிந்திருக்காது.

"உண்மைதான்" என்றேன். "காரணம் நான். அவ கேட்டா, நான் தெரிஞ்சே மறைச்சேன். பொறாமையில. தண்ணி ஏறினப்ப கடைசிவரைக்கும் அந்த அம்மாவ விடாம புடிச்சிக்கிட்டு நின்னது அவ. இத எழுதித் தரச் சொன்னாலும் தர்றேன்."

அந்த அம்மா, "எழுதியே குடுத்துருங்க மேடம்" என்றார்.

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். நசீரா இப்போது அங்கேதான் இருக்கிறாள்.